நோயாளிகள் பட்டியலில் கடைசிப் பெயர்

ஞாயிறு ஆராதனையில் நோயாளிகளின் பட்டியலை வாசிப்பது பஸ் ஓட்டுநர் ஓடெல் காஸ்கின்ஸின் வேலை. பதினோரு வருடமாக அவர்தான் வாசிக்கிறார். பெயரை வாசித்துவிட்டால் போதும், மதியத்துக்குள் அந்த வீட்டுக்குக் கோழி வறுவலும் கீரையும் போய்ச் சேரும். கூடவே நாலு பேர் போய் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். இந்த விஷயத்தில் அமெரிக்காவின் மேற்கு பால்டிமோரில் அந்தச் சபையாரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அன்று பட்டியலை வாங்கும்போது ஓடெலின் கை நடுங்கியது. பக்கத்து வீட்டு வெர்டெல் கவனித்துவிட்டாள்.

"என்னண்ணே, பஸ் ஸ்டியரிங் இல்லாம கை நிக்க மாட்டேங்குதா?"

"சரியா தூங்கல, அவ்வளவுதான்."

"நீங்க தூங்கி ஆறு மாசமாச்சு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே செவுரு. நீங்க நடக்கிறது எனக்குக் கேக்காதா?"

ஓடெல் பட்டியலோடு முன்னால் போய் நின்றார். அவர் தெருவில் பாதி வீடுகள் காலியாகி, கதவு ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று. முனையில் துப்பாக்கிச் சூடு நடந்த நாளிலிருந்து கதவு படீரென்றாலே அவருக்கு மூச்சு முட்டுகிறது. போன வியாழக்கிழமை நாற்பது பயணிகளோடு பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார். இதயத்தில் குறையில்லை, மனசுக்குத்தான் வைத்தியம் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை பைபிளுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். சர்க்கரை, சிறுநீரகம், இடுப்பெலும்பு எல்லாம் வாசித்தவர்தான். மனசு என்று ஒருவர் பெயரும் அந்தப் பட்டியலில் வந்ததில்லை. ஓடெலுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்பார்களோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம், அடுத்த முறை ஓரங்கட்ட நேரமில்லாமல் போனால்?

ஏழு பெயர்களையும் வாசித்து முடித்தார். உட்காரவில்லை.

"இன்னொரு பேர் இருக்கு," என்றார். "ஓடெல் காஸ்கின்ஸ். மனசு."

பதினோரு வருடத்தில் அவர் இவ்வளவு துணிச்சலாக எதையும் வாசித்ததில்லை. வெர்டெல்தான் முதலில் எழுந்தாள். "அட்ரஸ் வேணாம்ணே. எனக்கு வழி தெரியும்."

மதியம் அவர் சமையலறை மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. கடைசியாக வந்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய லூஷியஸ். கதவு நிலையை அடைக்கிற உடம்பு. எல்லோரும் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த டாக்டர் நம்பர் இருக்கா? எனக்கும் வேணும்."

ஓடெல் பைபிளைத் திறந்து சீட்டை மேஜைமேல் வைத்தார்.

"வாசிக்காத பேருக்கு யாரும் தட்டு கொண்டு போறதில்ல, லூஷியஸ். மனசு நோவுறதும் நோவுதான். வாயத் தொறந்து சொன்னாத்தான் நாலு பேரு வருவாங்க. அடுத்த வாரம் உன் பேரையும் எழுதிக்கவா?"

லூஷியஸ் சீட்டிலிருந்த நம்பரைப் போனில் குறித்துக்கொண்டார்.

"எழுதிக்கோ," என்றார். "என்ன நோவுன்னும் சேத்தே வாசி."