ஏழாம் பத்தி

இருபத்திரண்டு வருடமாக ஒரு கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையின் கடிதப் பிரிவில் இருக்கிறேன். அங்கிருந்து வெளியே போகும் ஆங்கிலக் கடிதங்களில் பாதிக்கு மேல் நான் கையால் எழுதியவை. இடது பக்கம் இரண்டு விரல் மார்ஜின், வலது மேல் மூலையில் தேதி, விஷயம் இன்னது என்று ஒரு வரி, அப்புறம்தான் மற்றதெல்லாம். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முட்டியில் தட்டிச் சொல்லிக்கொடுத்த முறை அது. இன்றுவரை பிசகியதில்லை.

தபால் வந்ததும் முதல் வேலை, இணைப்புகளைக் கழற்றுவது. மனு மேஜைக்கு வரும். அதோடு வந்த சான்றிதழ், நகல் எல்லாம் தேதிப்படி பீரோவின் கீழ்த்தட்டுக்குப் போகும். கழற்றிய குண்டூசியும் ஊக்கும் என் மேஜையில் இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்கு. இணைப்பு உண்டு என்பதற்கு அடையாளமாக மனுவின் மூலையில் பென்சிலால் ஒரு வட்டம் போடவேண்டும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவனே நான்தான். அதற்கு முன் பீரோ குப்பைத்தொட்டி மாதிரி இருந்தது.

பதிலுக்கும் கஷ்டமில்லை. பதினாறு தயார் பத்திகள் கொண்ட ஒரு கையேடு உண்டு. ஏழாம் பத்தி கோரிக்கையை மறுப்பதற்கு. பதினோராம் பத்தி இரங்கலுக்கு. இரண்டும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: ‘வி ரிக்ரெட்’, வருந்துகிறோம்.

உலை வாசலில் வேலை பார்த்தவர் ஒருவர் இறந்தபோது அவர் வீட்டுக்குப் பதினோராம் பத்தி எழுதினேன். முகவரியைப் பதிவேட்டில் ஏற்றும்போதுதான் கவனித்தேன். இருபத்தைந்து நாளுக்கு முன் அதே முகவரிக்கு ஏழாம் பத்தி போயிருக்கிறது. பேக்கிங் பிரிவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறார். மருத்துவச் சான்றிதழ் இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை என்று நான்தான் எழுதியிருக்கிறேன். ஒரே வீட்டுக்கு, ஒரே மாதத்தில், ஒரே சொல். எனக்கு என்னவோ போலிருந்தது. தலைமை எழுத்தரின் மேஜையிலிருந்த பெரிய அகராதியை எடுத்துப் பிரித்தேன்.

அவருக்கு ஆபீஸில் ‘கமா’ என்று பெயர். "என்னப்பா, இருபத்திரண்டு வருஷம் எழுதித் தள்ளிட்டு இப்பதான் அர்த்தம் பாக்கறியா?" என்றார்.

அகராதியில் ‘ரிக்ரெட்’ என்ற சொல்லின் பூர்வீகம் பொடி எழுத்தில் இருந்தது. பழைய பிரெஞ்சில் அதற்கு, செத்தவர்களை நினைத்து வாய்விட்டு அழுவது என்று பொருளாம். அதற்கும் முன்னால், வட ஐரோப்பிய மொழி ஒன்றில் அழுகையைக் குறித்த சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். பிறகு, இழந்ததை எண்ணி ஏங்குவது. பிறகு, தான் செய்ததை எண்ணி நோவது. கடைசியில், விருந்துக்கு வர இயலாது என்று சொல்லியனுப்பும் மரியாதை. நூற்றாண்டுக்கு நூற்றாண்டு ஈரம் காய்ந்துகொண்டே வந்து, எங்கள் கையேட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. படித்துவிட்டு மூடி வைத்தேன். பதினோராம் பத்தி அன்று மாலைத் தபாலில் போயிற்று.

பத்து நாள் கழித்து உலைக்காரரின் மனைவி வந்தார். கூடவே கொழுந்தன், வேன் ஓட்டுகிறவர். அந்த அம்மாள் இரண்டு கடிதங்களையும் என் மேஜைமேல் வைத்தார்.

"இது நீங்க போட்டதா சார்?"

"ஆமாம்மா."

"இதுல டாக்டர் சீட்டு வைக்கலன்னு இருக்காமே. இவர்தான் படிச்சுச் சொன்னார்."

"பத்து தடவ படிச்சுச் சொல்லியாச்சு சார்," என்றார் கொழுந்தன். "அண்ணன் மனுவ எழுதினார். சீட்டைச் சேர்த்துக் குத்தற வேலை இவங்களுக்கு. ஒரே ஒரு சீட்டு! அது இருந்திருந்தா இன்னிக்கு எங்கண்ணன் பேக்கிங்ல உக்காந்து பாட்டிலுக்கு வைக்கோல் சுத்திட்டிருப்பார்."

"வச்சேன்."

"வச்சிருந்தா அது என்ன, காலு முளைச்சு நடந்து போச்சா அண்ணி?"

அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "வச்சேன்னுதான் சார் நெனச்சேன். எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாப் போச்சு. மெத்தையைக்கூடப் பிரிச்சுத் தேடிட்டேன். குண்டூசி இல்லாம, என் தோள்ல இருந்த ஊக்கைக் கழட்டிக் குத்தின மாதிரி ஞாபகம். அது வாய் விட்டுப் போய், செவப்பு நூல் சுத்தி வச்சிருந்த ஊக்கு. அந்த ஞாபகமும் நெஜமா, நானா கட்டினதான்னு தெரியல."

அந்த ஊக்கை எனக்குத் தெரியும். ஒரு மாதமாக, குண்டூசிக்குத் துழாவும்போதெல்லாம் விரலில் தட்டுப்படும். ஆபீஸ் தாளுக்கு லட்சணமாக இல்லை என்று ஒதுக்கிவிடுவேன். அப்போதும் டப்பா திறந்துதான் இருந்தது. மெதுவாக மூடினேன்.

"இந்த வார்த்தைக்கு என்ன சார் அர்த்தம்? ரெண்டு லெட்டர்லயும் அதுவே இருக்கே." விரல் சரியாக அந்தச் சொல்லின்மேல் நின்றது.

"வருந்துகிறோம்னு அர்த்தம்மா."

"யாரு?"

"ஆபீஸ்."

"ஆபீஸ் எப்படி சார் வருத்தப்படும்? வருத்தப்பட்ட ஆளு யாருன்னு சொல்லுங்க. மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்."

"தேடிப் பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றேன். அதுவும் ஒரு தயார் பத்திதான், பதினாலு.

அவர்கள் படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் கீழ்த்தட்டைத் திறந்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. என் முறை அப்படி. அந்தத் தேதிக் கட்டில் மூன்றாவது தாள். இதயத் துடிப்பு சீராக இல்லை, உலைச் சூட்டில் வேலை கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். மேல் மூலையில் ஊக்கு குத்திய இரண்டு ஓட்டைகள். மனுவை எடுத்துப் பார்த்தேன். பென்சில் வட்டம் இல்லை. அன்று இணைப்போடு வந்தவை நாற்பத்தொரு மனுக்கள், நாற்பதுக்கு வட்டம் போட்டிருக்கிறேன். பீரோவுக்கும் என் நாற்காலிக்கும் நடுவே நாலு எட்டுத் தூரம்.

கமாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"உள்ள வை."

"என் தப்பு சார். அந்தம்மா தன் தப்புன்னு நெனச்சு உருகிட்டிருக்கு."

"உன் தப்புன்னு தனியா ஒண்ணு கிடையாதுப்பா. நீ கையெழுத்தா போட்டே? ஆபீஸ் முத்திரைதானே? இது வெளிய போனா மேனேஜர்லேர்ந்து எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கணும். இன்னொரு லெட்டர் வேணா போடு. ரிக்ரெட்னு போடு, யாரு வேண்டாங்கறா?"

நான் கடிதம் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை சான்றிதழையும் ஊக்கையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சொல்ல வேண்டியதைத் தமிழில் நாலு வாக்கியமாக மனப்பாடம் செய்திருந்தேன். போனதும் விஷயத்தை முதலில் சொல்வது, அப்புறம்தான் மன்னிப்பு.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. கதவோரம் உலைக்காரரின் கனத்த பூட்ஸ் ஜோடியாக இருந்தது, யாரோ துடைத்திருந்தார்கள். கவரைக் கொடுத்து முதல் இரண்டு வாக்கியங்களைச் சொன்னேன். கொழுந்தன் சான்றிதழைப் பிரித்துப் படித்தார். "அண்ணி..." என்றார். படிக்கட்டில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப நான் வச்சிருக்கேன்" என்றார் அந்த அம்மாள்.

"வச்சீங்கம்மா."

"சரியாத்தான் வச்சிருக்கேன்."

"சரியாத்தான்."

அந்த முகத்தில் ஒரு பாரம் இறங்குவதைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு தூரம் நடந்திருந்தேன். இறங்கவில்லை.

"நான் மறந்துட்டேன்னே இருந்திருக்கலாம் சார்," என்றார். "பாவி நீதான்டின்னு திட்டிக்கிட்டாவது காலைல எழுந்திரிச்சேன். இப்ப அவர் ஒழுங்கா எழுதினார், நான் ஒழுங்கா வச்சேன், டாக்டர் ஒழுங்கா சொன்னார். எல்லாம் ஒழுங்கா செஞ்சும் போயிட்டாரா? அப்ப நான் எதப் புடிச்சுக்கறது? சொல்லுங்க, எதப் புடிச்சுக்கறது?"

அதற்குப் பிறகு வந்தது பேச்சு இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஒரு குரல். கீழே சைக்கிள் கடையில் தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் நின்றுபோனது. ரிக்ரெட் என்ற சொல்லை ஆயிரக்கணக்கான முறை எழுதியிருக்கிறேன். அதன் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். என் தொண்டையில் அது வருமா என்று பார்த்தேன். வரவில்லை. மீதி இரண்டு வாக்கியங்களையும் சொல்லவில்லை. மார்ஜின் விட்டு நிற்கிறவன்போல் சுவரை ஒட்டி நின்றேன்.

கிளம்பும்போது ஊக்கை எடுத்து நீட்டினேன். அந்த அம்மாள் தலையை அசைத்தார்.

"அது ஆபீஸ்லயே இருக்கட்டும்."

திங்கட்கிழமை கமாவிடம் போனேன். இனி இணைப்புகளைக் கழற்ற வேண்டாமே என்று நான் சொன்னதற்கு, "அப்ப பீரோல எப்படி அடுக்குவே?" என்றார்.  அன்று சான்றிதழ் வேண்டிய மாற்றல் மனுக்கள் ஒன்பது. ஒவ்வொன்றாகத் திருப்பினேன், ஊசித்துளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கீழ்த்தட்டை இரண்டு முறை புரட்டினேன். ஒன்றிலும் சான்றிதழ் இல்லை. உண்மையாகவே இல்லை.

ஏழாம் பத்தியை ஒன்பது முறை எழுதினேன்.