உளவாளிக்கு அம்மா இல்லை

எருத்தேன்பதியில் யோகப்பிரியா நடத்தும் தென்னை நர்சரிக்கு அவன் முதன்முதலில் வந்த ஞாயிற்றுக்கிழமை, கொட்டகையிலிருந்த சின்ன டிவியில் ஒரு பழைய உளவாளிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரம் ரிப்பேர் செய்பவனாக எதிரியின் மாளிகைக்குள் நுழைந்த கதாநாயகன், வரைபடத்தைத் திருடிக்கொண்டு ஓடும் ரயிலின் கூரைக்குத் தாவினான்.

"இப்பத் தொப்பி பறக்குமுங்க," என்றாள் அவள்.

"பறந்தாலும் தலை கலையாதுங்க," என்றான் அவன்.

இருவரும் சிரித்துவிட்டார்கள். பெயர் அஜய் என்றான். பத்துத் தென்னம்பிள்ளை வாங்கினான். அடுத்த இரண்டு ஞாயிறும் வந்தான். வந்தால் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு.

"எத்தன பொய் சொன்னாலும் அவனுக்கு வேர்க்கறதே இல்லீங்க. அதுக்காகவே பத்துத் தடவ பாத்திருப்பேன்," என்றாள்.

மூன்றாம் முறை, தன் அம்மா போன வருஷம் இறந்துவிட்டாள் என்றான். யோகப்பிரியா அழுதாள். நிச்சயத்தோடு நின்றுபோன தன் கல்யாணத்தைப் பற்றி, வீட்டில்கூடப் பேசாததையெல்லாம் அவனிடம் சொன்னாள்.

அடுத்த வாரம் பெருமாட்டியிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. தரகர் அனுப்பிய மாப்பிள்ளை போட்டோவை அவள் திறக்கவேயில்லை. வந்தவர்களை அனுப்பிவிட்டு அப்பாவிடம் அஜய்யைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்றிருந்தாள்.

அவர்கள் வந்த அன்று, மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் என்று அப்பா கைகாட்டிய நாற்காலியில் அஜய் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆள் உட்டு விசாரிக்கறதுக்குப் பதிலா நானே போறேன்னு கெளம்பிட்டானுங்க," என்றாள் அந்த அம்மா பெருமையாக. "பொண்ணு தங்கம்னுட்டான். அந்தப் பழைய நிச்சயமும் எங்களுக்குப் பெருசில்லீங்க."

"அட, சி.ஐ.டி. மாப்பிள்ளைங்க!" என்று அப்பா மோகனசுந்தரம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

யோகப்பிரியா அவனைப் பார்த்தாள். "அம்மா தவறிட்டாங்கன்னு சொன்னீங்களே?"

அந்த அம்மாவின் கை கேசரித் தட்டிலேயே நின்றது.

"உங்க மனசு எப்படின்னு பாக்கத்தானுங்க," என்றான் அவன், சிரித்தபடியே. "நம்ம படத்துல அவன் சொல்லாத பொய்யா?"

"அவன் எதிரி ஊட்டுக்குப் போனானுங்க. எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க."

அவர்கள் போனபின் அம்மா வள்ளியாத்தாள் பிடித்துக்கொண்டாள். "ஒரு பொய்க்காவவா அம்மிணி? அவனை உனக்குப் புடிச்சிருந்ததுதானே?"

"அஜய்யப் புடிச்சிருந்துச்சும்மா."

"அவந்தானே இவன்! அப்பறமென்ன?" என்று சொல்லி, பெருமாட்டிக்குப் பேச அம்மா போனை எடுத்தாள்.

யோகப்பிரியா அதை வாங்கி ஸ்விட்ச் ஆஃப் செய்தாள்.