ஐந்து கரண்டி நுரை

எதிர் வீட்டில் பகல் மூன்று மணிக்கு முட்டை அடிக்கும் மெஷின் உறுமினால் எனக்குக் கை கால் ஓடாது. ஆறு மாதமாக என்னிடம் கிடந்த அவர்கள் சல்லடையைத் திருப்பிக் கொடுக்கும் நல்லெண்ணம் அன்றுதான் வந்தது.

மருமகள் கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்கே ஓடினாள். மாமனார் முப்பது வருடம் பேருந்து நடத்துனர். தெருவுக்கு விசில் மாமா. வாய் ஓயாத மனிதர். பக்கவாதம் வந்து, மூக்கில் குழாயோடு பத்தொன்பது நாள் ஆகிறது. தண்ணீர் ஒரு சொட்டு வழிதவறினாலும் நுரையீரலுக்குப் போய்விடுமாம். பொடி போட்டு இறுக்கிய கெட்டி ஜெல்லை அவர் நாக்கால் நசுக்க முடியாது. அதனால் மெஷினால் அடித்து, பொடிப்பொடிக் குமிழிகளாகக் காற்றேற்றிய ஜெல். நான்கு மணிக்கு விழுங்கும் பயிற்சி தருகிறவள் வருவாள். ஐந்து கரண்டி இருமாமல் இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம். இல்லையென்றால் வயிற்றில் துளைபோட்டு வேறு குழாய். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவர்கள் ஜன்னல் திறந்தேதான் இருக்கும்.

உள்ளே மாமா தலையணையிலிருந்து சரிந்தார். மெஷினை என் கையில் திணித்துவிட்டு அவள் ஓடினாள். "அதே வேகத்துல விடுங்கக்கா. கூட்டிடாதீங்க."

ஐந்து வேகம் இருக்கும்போது ஒன்றிலேயே ஓட்டுவது என்ன கஞ்சத்தனம்? ஐந்துக்குத் திருப்பினேன். கிண்ணம் விளிம்புவரை பொங்கியது.

"பாத்தியா, என் கைராசிய."

திரும்பி வந்தவள் கிண்ணத்தைப் பார்த்தாள். பட்டாணி அளவுக் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, உப்பி, உடைந்துகொண்டிருந்தன. கிண்ணத்தைச் சாய்த்தாள். அடியில் தண்ணீர் ஓடியது.

"பெருசு நிக்காதுக்கா. பக்கத்துல இருக்கறதையும் சேத்துக்கிட்டுதான் உடையும்."

குமிழியைத்தான் சொன்னாள் என்று இன்றுவரை நம்புகிறேன்.

மணி மூன்றே முக்கால். பொடி ஒரு பொட்டலம்தான் மிச்சம். புதிதாகக் காய்ச்சி, குளிர்ந்த தண்ணீரில் கிண்ணத்தை வைத்து, கம்பி மத்தால் கையாலேயே அடித்தாள். மெதுவாக, நிறுத்தாமல். இறுகுவதற்கு முன்னால் விட்டால் காற்று ஓடிவிடும். இறுகிய பிறகு அடித்தால் உடைந்து தண்ணீர் விடும். நெற்றி வியர்வையைத் தோளால் துடைத்துக்கொண்டாள்.

அழைப்பு மணி அடித்தது.

"அக்கா, கைய எடுக்க முடியாது. அஞ்சு நிமிஷம் அவங்ககிட்ட பேசிட்டிருங்க."

என் ஆயுளில் முதல்முறையாக ஒருவர் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டார். வாசலை மறித்து நின்றேன். என் மூட்டுவலி, மாடிவீட்டுச் சண்டை, பயிற்சி தர வந்தவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுவரை போனேன். எதிலும் என் மனம் ஒட்டவில்லை. காது அடுப்படியில் இருந்தது. மத்தின் சத்தம் கனத்தது. நின்றது.

"வழி விடுறீங்களா?" என்றாள் வந்தவள்.

இருவரும் மாமாவை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். மருமகள் கரண்டியைச் சாய்த்துக் காட்டினாள். வெள்ளை நுரை அசையவில்லை. வந்தவள் இரண்டு விரலை மாமாவின் தொண்டையில் வைத்தாள்.

முதல் கரண்டியை அவர் வாயில் வைத்து, "முழுங்குங்கப்பா," என்றாள் மருமகள்.

நாக்கு மெல்ல அசைந்தது. குரல்வளை மேலே ஏறி, அங்கேயே நின்றது. நான் எச்சில்கூட விழுங்காமல் கிண்ணத்தைப் பார்த்தேன். கடுகு அளவுக் குமிழிகள். ஒன்றும் உடையவில்லை.