ஆணியில் மாட்டிய பதில்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் தையல்காரி குளோரியா வீட்டுச் சமையலறைக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் மூன்று வருடமாக விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தக்காளி கிலோ நூறைத் தொட்ட மழைக்காலத்தில் தொங்க ஆரம்பித்தது. தக்காளி இறங்கியது, மறுபடி ஏறியது, சொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. காய்ந்தும் போகவில்லை, பெருகவும் இல்லை. காலை வெயில் ஜன்னல் வழியாக அதில் பட்டால் எதிர்ச்சுவரில் மூக்குத்திக் கல் அளவுக்கு வெளிச்சம் விழும். குளோரியா பாத்ரூமிலிருந்து குடத்தில் பிடித்துவந்து பாத்திரம் கழுவினாள். அந்தக் குழாயைத் தொடவில்லை. வேறு பிளம்பரைக் கூப்பிடேன் என்றவர்களிடம், "துண்டு தொங்குதில்ல, எப்படிக் கூப்பிடறது?" என்றாள். பக்கத்து ஆணியில் தொங்கிய அந்தப் பச்சைக் கட்டம் போட்ட துண்டு பிளம்பர் பால்ராஜுடையது. பஸ்ஸில் துண்டு போட்ட சீட்டில் அடுத்தவர் உட்காரக் கூடாது என்பது எப்படியோ, துண்டு தொங்கும் வேலையில் அடுத்தவன் கை வைக்கக் கூடாது என்பதும் அப்படித்தான்.

பால்ராஜ் கோலார் தங்கவயல்காரன். அவன் அப்பா சுரங்கத்தில் இறங்கும்போது பித்தளைப் பில்லையை ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவார். பில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று கணக்கு. அப்பா பில்லையை மாட்டினார், மகன் துண்டை மாட்டினான், அவ்வளவுதான் வித்தியாசம். சுரங்கம் மூடியபின் காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து போய்க்கொண்டிருந்தவன், நின்று நின்று இடுப்பு விட்டுப்போனதும் ஜீவனஹள்ளியில் ஓர் அறை பிடித்தான். ஒரு பிளம்பர் ஆரம்பித்த வேலையை அன்றைக்கே முடித்தான் என்று இந்த ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பாதியில் போன் வரும், இன்னொரு வீட்டில் வெள்ளம் என்பார்கள், போய்த்தான் ஆகவேண்டும். மற்றவர்கள் போனால் திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்று அரைநாள் தலையைச் சொறிவார்கள். பால்ராஜுக்கு அந்தத் தொந்தரவில்லை. கிளம்பும்போது கழுத்துத் துண்டை எடுத்து ஆணியில் மாட்டுவான். வலதுகையில் ஸ்பேனர் எந்தச் சாய்வில் இருந்தது, இடதுகையில் பைப்புக்கு எத்தனை சுற்று நூல் பாக்கி, முணுமுணுத்த பாட்டில் எந்த அடி, பாதி இழுத்த மூச்சு, சொல்ல வாயெடுத்த வார்த்தை, எல்லாம் துண்டுக்குள் போய்விடும். கழுவிக் கவிழ்த்த சொம்பு மாதிரி அவன் வெளியே வருவான். அடுத்த வீட்டில் அங்கே முன்பு மாட்டிய துண்டை எடுத்துத் தோளில் போட்டால், அந்த வேலை விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். அதுவரை அங்கே ஒழுகிய தண்ணீரும் அப்படியே நிற்கும். காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் திங்கட்கிழமை வாயைத் திறந்த தும்மலை வெள்ளிக்கிழமை வந்து தும்மினான். வீட்டுக்காரர் அதற்குள் மைசூர் போய்த் திரும்பியிருந்தார்.

துண்டு போட மறந்தது ஒரே ஒரு தடவை. பங்காரப்பேட்டையில் பெண் பார்க்கப் போன இடத்தில் போன் வந்து, பஜ்ஜியைப் பாதி கடித்தபடி எழுந்து போனான். பெண்ணின் முகமோ, அப்படி ஒரு வீடு இருப்பதோ அதன்பின் அவனிடம் மிச்சமில்லை. அவர்கள் கொஞ்சநாள் பார்த்துவிட்டுப் பெண்ணை ஹொசகோட்டேயில் கொடுத்தார்கள். பெண் சௌக்கியம். கடித்த பஜ்ஜி என்ன ஆனது என்று தெரியவில்லை.

குளோரியா வீட்டுக்கு அவன் ஒரு வாஷர் மாற்றத்தான் வந்தான். ஆனால் ஒரு குழாய்க்குத் தேவையானதைவிட அதிகமாகவே வந்தான். முதலில் 'நீங்க' என்றான். எத்தனையாவது டீயிலோ அது 'நீ' ஆகிவிட்டது, இரண்டுபேரும் அதைக் கவனிக்காதமாதிரி இருந்துகொண்டார்கள். ஒருநாள் குளோரியா மிஷினை நிறுத்தினாள், ஊசியைத் துணியில் குத்தியபடியே விட்டுவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றாள். "பால்ராஜு, நேராவே கேக்கறேன். என்னக் கட்டிக்கிறியா, இல்ல காலம்பூரா வாஷர் மாத்திட்டே இருப்பியா?" முட்டிபோட்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான், இடதுகாதைச் சொறிந்தான், மூச்சை இழுத்தான். பாதி மூச்சில் போன் அடித்தது. ஒக்கலிபுரம் லட்சுமம்மா. மாடித் தொட்டி உடைந்துவிட்டதென்று அவர் போட்ட சத்தம் குளோரியாவுக்கே கேட்டது. "ரெண்டே நிமிஷம்" என்று துண்டை மாட்டிவிட்டுப் போனான். அப்போது நின்றதுதான் அந்தச் சொட்டு.

அதன்பின் அவளை அவன் பார்க்காமலில்லை. ஜீவனஹள்ளிக் காய்கறிக் கடையில் ஒருதடவை நேருக்கு நேர் வந்தான். "நல்லா இருக்கீங்களாம்மா? பைப்பெல்லாம் சரியா வருதா?" என்று கேட்டான், எந்த வீட்டம்மாவையும் கேட்பதுபோல. அந்த 'நீ' கூட ஆணியில் தொங்குகிறது என்று அப்போதுதான் குளோரியாவுக்குப் புரிந்தது. கையிலிருந்த முருங்கைக்காயால் ஒரு அடி வைக்கலாமா என்றிருந்தது. விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். போன்போட்டுக் கத்தினால் வருவான், அது ஊருக்கே தெரியும். கத்தி வரவழைத்த பதில் பதிலா என்பதுதான் அவள் சங்கடம். வயது முப்பத்தெட்டு. ஆமாம் என்றால் ஒரு வழி, இல்லை என்றால் ஒரு வழி. இரண்டுமில்லாமல் ஒரு சொட்டைப் பார்த்துக்கொண்டு எத்தனைநாள் இருப்பது? ஊரில் யாரிடமும் முறையிடவும் முடியவில்லை. பாதி தைத்த ஜாக்கெட்டுகளோடு லிங்கராஜபுரத்துப் பெண்களில் சரிபாதியைத் தீபாவளிக்கும் ஈஸ்டருக்கும் காக்கவைத்தவள் அவள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி பார்கவி, கம்ப்யூட்டர் ஆபீஸ்காரி. ஜாக்கெட் இன்றும் ஆகவில்லை என்று தெரிந்து, வந்ததற்குத் தண்ணீராவது குடிக்கலாமென்று சமையலறைக்குள் போனவள், சொட்டையும் துண்டையும் பார்த்துவிட்டுக் கதை கேட்டாள், கேட்டதும் கைதட்டிச் சிரித்தாள்.

"கொத்தா ஆன்ட்டி, தெரியுமா, நான் ஆபீஸ்ல செய்யறதே இதான். கம்ப்யூட்டருக்குள்ள வேலை நூறு இருக்கும், ஆள் ஒருத்தன்தான். மேலே கெர்னல்னு ஒரு மேஸ்திரி. ஒரு வேலையிலேர்ந்து ஆளை எடுக்கறதுக்கு முன்னாடி அவன் கையில என்னென்ன இருந்துச்சு, அடுத்து எந்த வரி, எல்லாத்தையும் அந்த வேலையோட பெட்டியில வச்சிடுவான். அப்புறம் வேற வேலையோட பெட்டிய தொறந்து அதைக் கையில குடுப்பான். நிறுத்துனதே வேலைக்குத் தெரியாது."

"காத்திருக்கற வேலை அழுவாதா?"

"அழாது ஆன்ட்டி. அதுக்கு நேரமே போயிருக்காது."

"எனக்குப் போவுதே."

பார்கவி டம்ளரை மேடையில் வைத்தாள். கத்துகிற வேலையே முந்திக்கொண்டால் அமைதியான வேலைக்கு முறையே வராமல் போகும், அதற்காக ரொம்பநாள் காத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிவிடுவோம் என்றாள். "என் கதையில அந்த மேஸ்திரி யாரு?" என்று குளோரியா கேட்டாள். அதுதான் காணோம் என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட் எப்போ ஆன்ட்டி என்றாள் பார்கவி. நாளைக்கு என்றாள் குளோரியா.

டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க முனிராஜ் வந்தார். தொப்பையும் மீசையும் பேத்தியும் உள்ள மனிதர். மேற்பார்வைக்குக் கம்மனஹள்ளியிலிருந்து குளோரியாவின் அக்கா மௌரீன் வந்திருந்தாள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தது என்று முனிராஜ் முகத்தைப் பொத்தியதும், மௌரீன் கைக்கு அகப்பட்டதை எடுத்து நீட்டினாள். அகப்பட்டது ஆணியில் இருந்த துண்டு. முனிராஜ் முகத்தைத் துடைத்துத் தோளில் போட்டார். மிச்சமிருந்த பாதி மூச்சு உள்ளே போனது. பிரஷை வைத்துவிட்டுக் குழாயடியில் முட்டிபோட்டார், தங்கவயல் இழுவையில், பால்ராஜின் குரலில், "குளோரியா, உன்ன..." என்று நிமிர்ந்து பார்த்தார். குழாயில் சொட்டு நடுங்கியது. மௌரீன் சிலுவை போட்டுக்கொண்டாள். குளோரியா ஒரே பாய்ச்சலில் துண்டைப் பிடுங்கினாள்.

"ஏய், நல்ல நேரத்துல பிடுங்கிட்டியேடி! அந்தாளு சொல்ல வந்ததக் கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கலாம்க்கா. ஆனா அவர் பேத்திக்கு யாரு பதில் சொல்றது?"

முனிராஜுக்கு, தான் எந்தச் சுவரில் இருந்தோம் என்பது போய்விட்டது. ஹாலுக்கு இரண்டுமுறை அடித்தார், சமையலறையில் பாதிச் சுவர் பழையபடியே நின்றது. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. குளோரியா வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். பதில் ஆணியில் இல்லை, துண்டில் இருக்கிறது. துண்டுக்குக் கால் இல்லாவிட்டாலும் தனக்கு இருக்கிறது. பால்ராஜுக்குப் போன்போட்டு எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்டாள். ஒக்கலிபுரம், லட்சுமம்மா வீடு. வேறெங்கே?

துண்டை ஒரு கேரிபேகில் மடித்து வைத்துக்கொண்டு, சிவாஜிநகரில் பஸ் மாறினாள். பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டரின் விரல் பையிலிருந்து பிதுங்கிய நுனியில் பட்டது. "குளோரியா" என்று அவர் மெதுவாகச் சொன்னார், பிறகு பெயர் தனக்கு எப்படித் தெரிந்தது என்று டிக்கெட்டுக்காக அவள் காட்டிய ஆதார் கார்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அவள் ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டாள். 'உன்ன' என்பதற்குப் பின்னால் என்ன வரும்? உன்னக் கட்டிக்கிறேன். உன்ன நான் அப்படி நினைச்சதில்ல. உன்ன அக்கா மாதிரி. ரயில்வே ஸ்டேஷன் வருவதற்குள் அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனையோ வால் வைத்துப் பார்த்துவிட்டாள், எல்லாமே பொருந்தித் தொலைத்தன.

லட்சுமம்மா வீட்டு முற்றத்தில் பால்ராஜ் ஏணிமேல் நின்று, தொட்டிக்குப் போகும் பைப்பில் ஸ்பேனரைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தான்.

"என்ன குளோரியாம்மா, இவ்ளோ தூரம்? டேப்பு லீக்கா?"

"மூணு வருஷமா லீக்கே இல்ல. அதான் கஷ்டம். எறங்கு."

"அய்யோ, சொல்ப, கொஞ்சம் இரும்மா, அவர் வேலைய முடிக்கட்டும்!" என்று லட்சுமம்மா கத்தினார். தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். இத்தனைநாள் குளோரியா அந்தச் சத்தத்துக்குத்தான் வழிவிட்டிருந்தாள். இன்றைக்கு ஏணியில் இரண்டு படி ஏறி, எட்டி, துண்டை அவன் தோளில் வீசினாள்.

அவன் நெஞ்சு மிச்ச மூச்சில் நிறைந்தது. கை ஸ்பேனரை விட்டது. ஸ்பேனர் விழவில்லை. இறங்கிவந்து, குழாயே இல்லாத இடத்தில் முட்டிபோட்டு, நேற்றுக் கேட்ட கேள்விக்குக்கூட அல்ல, இந்த நொடி கேட்ட கேள்விக்குச் சொல்வதுபோலச் சொன்னான்: "குளோரியா, உன்ன ஏமாத்தக் கூடாது. கட்டிக்கிறேன். ஆனா நான் எதையும் ஒரே மூச்சுல முடிச்ச ஆளில்ல. நடுவுல போன் வந்தா போயிடுவேன். பரவால்லியா?"

பார்கவியின் ஜாக்கெட் அவள் நினைவுக்கு வந்தது. "போ. ஆனா துண்ட எங்கிட்டக் குடுத்துட்டுப் போ. எந்த வீட்டுது எப்ப போடணும்னு நான் பாத்துக்கறேன்."

லிங்கராஜபுரத்தில் சொட்டு விழுந்ததை மௌரீன் கேட்டாள். ஒரு சொட்டுத்தான் என்றாலும் வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

ஜனவரியில் கல்யாணம். பாதிரியார் கேட்டதற்குப் பால்ராஜ் ஒரே மூச்சில் பதில் சொன்னான், அவன் போன் மௌரீன் மடியில் நிசப்தமாகக் கிடந்தது. இப்போது அவனுக்கு வரும் போனையெல்லாம் குளோரியாதான் எடுக்கிறாள். கத்துகிறவர்களுக்கு நாளை மறுநாள், மெதுவாகப் பேசுகிறவர்களுக்கு நாளை. வாசலறையில் வரிசையாக ஆணி அடித்திருக்கிறது, ஜாக்கெட்டுகள் ஒருபக்கம், துண்டுகள் ஒருபக்கம்.

ஒக்கலிபுரத்து வேலை மட்டும் போனது போனதுதான், ஏணிமேல் அவன் அதற்குத் துண்டு போடவில்லை. திரும்பப் போய், காற்றில் பாதி திருகியபடி நின்ற ஸ்பேனரை அண்ணாந்து பார்த்தான். இறுக்கிக்கொண்டிருந்தோமா தளர்த்திக்கொண்டிருந்தோமா என்பது அவனிடம் இல்லை. தொட்டித் தண்ணீர் எந்தக் குறையுமில்லாமல் வருகிறது, எதற்குத் தொடவேண்டும் என்று விட்டுவிட்டார்கள். லட்சுமம்மா முதல் வாரம் கத்தினார். பிறகு ஒருநாள் பால்பையை அதில் மாட்டிப் பார்த்தார். தாங்கியது. இப்போது தினமும் அங்கேதான் மாட்டுகிறார், பூனைக்கு எட்டாத உயரம்.