பையில் இருந்த மருந்து

"அண்ணா, இது தப்பு," என்றாள் எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும் பெண். "ஹீரோ பையில உயிர்மருந்து தொண்ணூத்தொம்பது குப்பி இருக்கு. சண்டையில செத்தவனுக்கு ஒரு சொட்டு விட்டா எழுந்து உட்காருறான். கதையில அம்மா சாகறப்ப மட்டும் மரம் மாதிரி நின்னு அழறான். எவன் நம்புவான்?"

கதை எழுதியவன் நான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் நம்ப மாட்டான்? எங்கம்மா ஆஸ்பத்திரியில என் பேரைச் சொல்லிக்கிட்டே கிடந்தப்ப எனக்கு நாப்பத்தோரு நாள் லீவு பாக்கி இருந்துச்சு. நான் இதே நாற்காலியில உட்கார்ந்து இந்தக் காட்சியைத்தான் எழுதிக்கிட்டிருந்தேன்."

ஆனால் அவள் சொன்ன குறையை மேனேஜர் விடவில்லை. மறுநாளே திருத்திவிட்டார்கள்: அந்தக் காட்சிக்கு முன்னால் ஒரு திருடன் வந்து பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

ஹீரோவுக்காவது ஒரு சாக்கு கிடைத்தது.