பதினோராவது நாற்காலி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில் அந்த ஆஸ்பத்திரியின் லிப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுபோனது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. கம்பெனியிலிருந்து ஜெபக்காரரை அனுப்பிவைத்தார்கள்.

அவருக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் சபையிலும் சரி, வேலை செய்யும் இடத்திலும் சரி, ஜெபக்காரர் என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருஷமாக லிப்ட் மெக்கானிக். விடியற்காலை நாலரைக்கு முழங்காலில் நின்றால் ஆறு மணிக்குத்தான் எழுவார். சனிக்கிழமைதோறும் இதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தள வார்டுகளில் கட்டில் கட்டிலாகப் போய், கேட்பவர்களுக்கெல்லாம் ஜெபம் செய்வார். யாருக்காவது ரத்தம் வேண்டுமா, நோயாளிக்குத் துணை உட்கார ஆள் வேண்டுமா, அவருக்குத்தான் போன் வரும். ஒரு தடவைகூட மறுத்ததில்லை. போலி என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. "ஜெபக்காரர் ஏறுற லிப்ட் மேலதான் போகும், கீழ வராது" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பழுது பெரிதில்லை. நான்காம் மாடிக் கதவின் பூட்டில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு தேய்ந்திருந்தது. அதனால் கதவு திறந்தே இருப்பதாக லிப்ட் நினைத்துக்கொண்டிருந்தது. தகட்டை மாற்றி, மேலும் கீழும் நாலு தடவை ஓட்டிப் பார்த்து, கையைத் துடைத்தபோது மணி பதினொன்றரை. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பியவர் கண்ணில் எதிரே இருந்த கண்ணாடிக் கதவு பட்டது. சனிக்கிழமைகளில் அது பூட்டியே கிடக்கும். வார நாட்களில் புற்றுநோய்க்காரர்கள் காலையில் வந்து, மருந்து ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் வீடு திரும்பும் இடம் அது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரு கால் மணி நேரம் ஜெபித்துவிட்டுப் போவோமே என்று அவருக்குத் தோன்றியது.

நர்ஸுக்கு அவரைக் கீழ்த்தளத்தில் பார்த்த பழக்கம். சத்தம் போடாமல் செய்யுங்கள் என்று சொல்லி விட்டுவிட்டார்.

சுவரோரமாக இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கம்பி, அதில் மருந்துப் பை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பேரனுக்குப் பின்னல் சட்டை பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மா, பேச்சே இல்லாத ஒரு இளைஞன். ஜெபக்காரர் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டு, தலைக்கு மேல் கையை உயர்த்தி, இரண்டு நிமிஷம் ஜெபித்தார். அவர் ஜெபித்தால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். வார்த்தைகள் தண்ணீர் மாதிரி வரும்.

பதினோராவது நாற்காலி தனியாக ஜன்னலோரம், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்கருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முதுகைப் பார்த்ததுமே அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் வீட்டுக்குக் கீழ் வீட்டில் குடியிருக்கும் தையல்காரி. எந்தக் கோயிலுக்கும் சபைக்கும் போகாதவள். நாக்கு கொஞ்சம் நீளம். அவள் மனம் திரும்ப வேண்டுமென்று இரண்டு வருஷமாக அவள் பெயரைச் சொல்லி இவர் ஜெபித்துவருகிறார். பாவம், சொந்தக்காரர் யாருக்கோ துணைக்கு வந்திருக்கிறாள் போல. ஆண்டவர் ஒரு கதவைத் திறக்கிறார் என்று நினைத்து வேகமாக நடந்தார்.

நாற்காலியில் இருந்தவள் நீலத் துணியால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மடியில் வைத்த பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் முகத்தைக் கவிழ்த்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிரும்வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு வழக்கமான கனிவோடு கேட்டார்.

"சகோதரி, உங்களுக்காக ஒரு வார்த்தை ஜெபிக்கலாமா?"

அவள் நிமிர்ந்தாள்.

எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்றுதான் முதலில் அவர் புத்தி ஓடியது. அப்புறம்தான் அது தன் மனைவி என்று உறைத்தது.

"நீங்க எப்படி இங்க?" என்றாள் அவள்.

"லிப்ட் ரிப்பேரு" என்றார் அவர்.

காலையில் இதே முகம்தான் அவருக்குக் காபி கொடுத்தது. தையல் வகுப்புக்குப் போய்விட்டு வருகிறேன் என்று இதே வாய்தான் சொன்னது. மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை தையல் வகுப்பு. கீழ் வீட்டுக்காரிதான் கற்றுக்கொடுக்கிறாள். அவர் நம்பியிருந்தார். நம்பினார் என்றுகூடச் சொல்ல முடியாது, காதில் வாங்கியிருந்தார், அவ்வளவுதான்.

நர்ஸ் பைலோடு வந்து, இந்த அம்மாவுக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்காரர் என்று சொல்ல அவருக்கு இரண்டு தடவை வாயைத் திறக்கவேண்டி வந்தது. நர்ஸ் பைலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கார்னு இதுல எழுதியிருக்கு."

தையல்காரி ஸ்டூலை விட்டு எழுந்தாள். "அது நான் எழுதச் சொன்னதுண்ணா. கையெழுத்துப் போட வீட்டு ஆம்பள எங்கன்னு கேட்டாங்க. ஊர்ல இல்ல, வெளிநாட்டுலன்னு சொல்லிட்டேன். பொய்தான். ஆனா ரொம்பப் பெரிய பொய் மாதிரி எனக்குத் தோணல."

அவர் வெளியே வந்துவிட்டார். கால்கள் தாமாகவே லிப்டுக்குள் கொண்டுபோய் விட்டன. கதவு மூடியது, திறந்தது. யாரோ ஏறி எந்த மாடி என்று கேட்டார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கீழே போய், மறுபடி மேலே வந்து, அந்த இரும்புப் பெட்டிக்குள் மூலையில் சாய்ந்து நின்றார். நெஞ்சுக்குள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

அந்த நீலத் துணி. இரண்டு மாசமாக அவள் வீட்டுக்குள்ளும் தலையில் துணியோடு நடமாடுவதைப் பார்த்திருக்கிறார். பக்தி கூடிவிட்டது, எந்நேரமும் ஜெப சிந்தையில் இருக்கிறாள் என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறார். முடி கொட்டிப்போயிருக்கிறது. தட்டில் போட்டதை அப்படியே மூடி வைத்தாள். உபவாசம் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். அதோடு விட்டாரா? போன மாதம் சபை நடுவில் நின்று, என் மனைவி வாரத்தில் மூன்று நாள் உபவாசம் இருந்து ஊழியத்தைத் தாங்குகிறாள் என்று சாட்சி சொன்னார். ஜனங்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவள் பெண்கள் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தாழ்மை என்று நினைத்தார்.

வேறு ஊரில் கட்டிக்கொடுத்த மகள் போன் பண்ணும்போதெல்லாம், "அப்பா, அம்மாவக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்பாள். "கர்த்தர் பாத்துக்குவார்மா" என்று இவர் சொல்வார். அப்படியென்றால் மகளுக்கும் தெரிந்திருக்கிறது. அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

லிப்ட் மறுபடி நான்காம் மாடியில் நின்றபோது வெளியே வந்தார். உள்ளே போனதும் முதல் வேலையாக அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் கழுவினார். தையல்காரி தன் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வருவதாகப் போய்விட்டாள்.

எத்தனை நாளாக என்று கேட்டார். மார்பில் கட்டி, தெரிந்து நாலு மாசம் ஆகிறது, இது நான்காவது தடவை மருந்து, இன்னும் இரண்டு தடவை முடிந்ததும் ஆபரேஷன் என்று அவள் சொன்னாள். வீட்டுச் சாமான் பட்டியல் சொல்கிற குரல்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சோதனை முடிவு வந்த அன்று சாயங்காலம் சொல்லத்தான் வந்தாளாம். அவர் முழங்காலில் இருந்தார். எங்கோ விபத்து, யாரோ அழைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கதவோரம் நின்றாள். எழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டார். மறுநாள் காலையில் செருப்பு மாட்டும்போது, உங்களிடம் ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆரம்பித்தாள்.

"ஜெபத்துல வை, வந்து பேசிக்கலாம்னு சொன்னீங்க. ஜெபத்துல வச்சேன். நீங்க வந்து பேசல."

அவருக்கு அப்படி ஒரு காலை நினைவிலேயே இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. சொன்னதை மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எந்த நாள் என்றே பிடிபடவில்லை. அப்படி நூறு காலைகள் இருந்தன.

"கோவமா?" என்றார்.

"முதல்ல இருந்துச்சு. அப்புறம் சொல்லாம இருக்கிறதே பழகிப்போச்சு. சொன்னா சபையில முன்னாடி நிறுத்தி எல்லாரும் தலைமேல கை வைப்பாங்க. நான் நோயாளியாயிடுவேன், நீங்க நோயாளியோட வீட்டுக்காரர் ஆயிடுவீங்க. அந்தத் தையக்காரி வந்து, எழுந்திரு அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மட்டும்தான் சொல்லுவா. எனக்கு அது போதும்போல இருந்துச்சு."

அவர் வழக்கம்போலக் கையை உயர்த்தினார். கண்ணை மூடினார். "கர்த்தரே" என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. பத்து நாற்காலிகளுக்கு ஓடிவந்த வார்த்தைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. மறுபடியும் "கர்த்தரே" என்றார். உயர்த்திய கை அந்தரத்தில் நின்றது.

அவள் ஊசி குத்தாத கையால் அந்தக் கையைக் கீழே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளே ஜெபித்தாள். கல்யாணமான இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவள் ஜெபித்து அவர் கேட்டதில்லை. எப்போதும் இவர் ஜெபிப்பார், அவள் ஆமென் சொல்வாள்.

"ஆண்டவரே, இவர் ரொம்பப் பயந்துபோயிருக்கார். கூட இரும். அந்தப் பொண்ணுக்கு ராத்திரி தையலால கண்ணு வலிக்குது, அதையும் பாத்துக்கும். ஆமென்."

அவர் ஆமென் சொல்ல மறந்து அழுதார். பின்னல் அம்மா பின்னுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மூன்று பேருமாகப் பஸ்ஸில் திரும்பினார்கள். இறங்கி நடக்கும்போது ஜெபக்காரர் தையல்காரியிடம் நன்றி சொல்லத் தொடங்கினார். அது நீண்டுகொண்டே போனது. அவள் இடைமறித்தாள்.

"விடுங்கண்ணா. எனக்காக நீங்க ஜெபம் பண்றது தெரியும். காலையில நாலரைக்கு உங்க குரல் மாடிப்படி வழியா என் வீட்டுக்கு வந்துடுது. அதுல அக்கா பேரு வருதான்னு நாலு மாசமா காது குடுத்துக் கேட்டேன். அதான் சங்கடமா இருந்துச்சு."

அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். முகத்தில் அறைந்திருந்தாலும் அவ்வளவு சுட்டிருக்காது. குடும்பத்தையும் ஆசீர்வதியும் என்று ஒரு வரி உண்டு. அந்த வரிக்குள் அவள் இருக்கிறாள் என்றுதான் எண்ணியிருந்தார்.

அந்த வாரமே போதகரைப் போய்ப் பார்த்து, கொஞ்ச நாள் சனிக்கிழமை ஊழியத்துக்கு வர முடியாது என்றார். காரணத்தையும் சொன்னார். போதகர் பதறிப்போய், ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்லி எல்லோரும் ஜெபிப்போம் என்றார். ஜெபக்காரர், அவளைக் கேட்டுவிட்டுச் சொல்வதாக வந்துவிட்டார். கேட்டார். வேண்டாம் என்றாள். போய் அப்படியே சொன்னார். ஒரு சங்கதியைச் சபைக்குச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஜெபக்காரர் விசுவாசத்தில் பின்வாங்கிப்போய்விட்டார் என்று இரண்டொருவர் பேசியதும் காதில் விழுந்தது. விழுங்கிக்கொண்டார்.

விடியற்கால ஜெபம் சுருங்கிப்போனது. ஐந்தரைக்கு அடுப்படிக்குப் போக வேண்டும். வாய்ப்புண்ணுக்குக் காரமில்லாத கஞ்சி, நீர் கொப்பளிக்க உப்பு வெந்நீர். முதல் வாரம் கஞ்சி மூன்று தடவை அடிப்பிடித்தது. லிப்ட் ஓட்டுகிற கைக்குக் கரண்டி ஓட்டத் தெரியவில்லையே என்று கீழ் வீட்டுக்காரி வாசலில் நின்று சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். வேலையிடத்தில், சில நேரம் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றுவிடுவார். சகோதரி என்று கூப்பிட்டது திடீரென்று காதில் கேட்கும்.

ஆபரேஷன் நடந்தது. கட்டி முழுவதும் எடுத்தாயிற்று, ஆனால் இன்னும் சில வருஷம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். இந்தத் தடவை பைலில் வீட்டுக்காரர் என்ற இடத்தில் கையெழுத்து இருந்தது.

ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை மேலே எழும்பவில்லை. தினமும் சுவரைப் பார்த்து நின்று விரல்களை மெதுவாக மேலே நடக்கவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேலையிலிருந்து வந்ததும் அவர் பென்சிலோடு பக்கத்தில் நிற்பார். விரல் எட்டிய இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. வீட்டுச் சுவர் கெட்டுப்போகிறதே என்று அவள் சொன்னபோது, சுவரா முக்கியம் என்றார்.

ஒரு நாள் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லப்போனவள் நிறுத்திக்கொண்டாள். தூக்கத்தில் பயம் வருகிறது, செத்துப்போய்விடுவேனோ என்று இருக்கிறது, மகளைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்று நின்ற வாக்கில் பேசிக்கொண்டே போனாள். அவர் கொண்டுவந்து வைத்த கஞ்சி ஆறிப்போனது. ஜெபத்தில் வை என்கிற வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டு கேட்டார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பி விரல்களை நடக்கவிட்டாள்.

"இன்னைக்கு இவ்வளவுதாங்க. வலிக்குது. நேத்துப் போட்ட கோடு இன்னும் மேல இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி, அவள் விரல் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினார்.