மாமனாரின் சப்பாத்தி

"சோறு வடிச்சு வச்சிருக்கறப்ப ஒனக்கு என்னாத்துக்குடி சப்பாத்தி? ஒனக்கும் சுகரு வந்துருச்சா?" என்று மாமியார் பச்சையம்மாள் கேட்டதும் வீடே சிரித்தது. கண்ணகி தனக்கென்று ஒதுக்கியிருந்த இரண்டையும் எடுத்து மாமனார் தட்டில் போட்டாள். புருஷன் செல்லமுத்துவும் சேர்ந்து சிரித்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த மாவு யாருக்காக வந்தது என்பது அவனுக்குத் தெரியும்.

போன வருஷம் பிறந்த பெண்குழந்தைக்கு முதுகுத்தண்டு மூடவில்லை. நடுமுதுகில் சிவப்பாய் ஒரு பிளவு. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. "அடுத்தது தங்கறதுக்கு முந்தியே ஃபோலிக் ஆசிட் சத்து ஒடம்புல ஏறியிருக்கணும். நாள் தள்ளிப்போச்சுன்னு நீ ஓடியாறதுக்குள்ள பிள்ளைக்கு முதுகு மூடற காலம் முடிஞ்சிரும்" என்று சொல்லி, அரியலூர் டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். பச்சையம்மாள் அதை எருக்குழியில் வீசினாள்.

"வயித்துல ஒண்ணுமில்லாதப்ப மாத்திரை தின்னா, இவளுக்கு என்னமோ சீக்குன்னு விக்கிரமங்கலமே பேசும்."

கண்ணகி போய் அதைச் சொன்னதும் டாக்டரம்மா, அதே சத்துக் கலந்த கோதுமை மாவுப் பொட்டலங்களை எடுத்துக் கொடுத்தார். "மாவுன்னா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. தெனமும் சாப்புடும்மா."

யாரும் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் அந்த வீட்டில் கோதுமை என்றால் சர்க்கரைக்காரர் சாமிதுரைக்கு. பிசைகிறவள் கண்ணகி, சாப்பிடுகிறவர் மாமனார். "மருமவ கொண்டாந்த மாவு பஞ்சாட்டம் இருக்கு" என்று டீக்கடையில்கூடப் பெருமை அடித்தார்.

"அது எனக்குக் குடுத்ததுங்க" என்றாள் செல்லமுத்துவிடம்.

"அதுக்கு? அப்பா வாயிலேருந்து புடுங்கச் சொல்றியா?"

தை பிறந்தது. நாள் தள்ளி, வாந்தியும் வந்துவிட்டது. பச்சையம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. தானே நர்சம்மாவிடம் நடந்துபோய், அன்றைக்கு எருக்குழியில் வீசிய அதே மாத்திரையை வாங்கிவந்து, சொம்புத் தண்ணீரோடு நீட்டினாள்.

"முழுங்குடி கண்ணு. இந்த வாட்டி நல்லபடியா பொறக்கணும்."

"அத்தை..." என்று ஆரம்பித்தவள், அந்தச் சந்தோஷ முகத்தைப் பார்த்துவிட்டு மாத்திரையை விழுங்கினாள்.

"பசிக்குதும்மா" என்று கூடத்திலிருந்து சாமிதுரை குரல் கொடுத்தார்.

கண்ணகி மாவை உருட்டித் தேய்த்தாள். நடுவில் நீளமாய் ஒரு கீறல் விட்டது. இரண்டு ஓரத்தையும் இழுத்து, கட்டைவிரலால் அழுத்தி மூடினாள். மறுபடி கட்டையை ஓட்டியதும், அதே இடத்தில் மெல்லப் பிளந்தது.